தேஞ்ச இடத்துல இருந்து ஆரம்பிங்க: வீட்டுச் சாமானை வெச்சு குடும்ப ஞாபகத்தை சிற்பமா செய்யறது எப்படி

பாட்டி காலத்துச் சாமானை வெச்சு ஒரு சிற்பம் செய்யணும்னு ஆசைப்படுறவங்க முக்கால்வாசி பேரு என்ன பண்றாங்கன்னா, ஒரு பாக்கெட் களிமண்ணை வாங்கி, அந்தச் சாமானை முன்னாடி வெச்சுக்கிட்டு, பார்த்துப் பார்த்து அதே மாதிரி இன்னொண்ணு செய்யறாங்க. குத்துவிளக்குன்னா களிமண் குத்துவிளக்கு, டிஃபன் கேரியர்னா களிமண் டிஃபன் கேரியர். முடிச்சுட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா நெஜச் சாமான்தான் அழகா இருக்கு, நாம செஞ்சது உயிரில்லாம நிக்குது. அது உங்க கைத்திறமைக் குறைச்சல்னு நெனைக்காதீங்க. அந்த விளக்கை செஞ்ச கன்னார் அவர் வேலைய எப்பவோ முடிச்சுட்டாரு, அதுக்கு மேல நம்ம வீட்டு மனுஷங்க கை பட்டுப் பட்டு ஒரு வேலை நடந்திருக்கு பாருங்க, சிற்பத்துக்கு விஷயம் அங்கதான் இருக்கு.

ஒரு பழைய பித்தளை விளக்கை எடுத்து வெளிச்சத்துல பாருங்க. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புளி போட்டு வெளக்கி வெளக்கி உச்சியில இருக்கிற அன்னத்தோட மூக்கு மழுங்கிப் போயிருக்கும், இறக்கையில இருந்த கோடெல்லாம் பாதி காணாது. புளியில இருக்கிற அமிலம் பித்தளை மேல படிஞ்ச கறுப்பைக் கரைக்குது, அப்புறம் நாரோ மண்ணோ வெச்சுத் தேய்க்கும்போது கொஞ்சம் கொஞ்சம் உலோகமும் போகுது. நாப்பது அம்பது வருஷம் ஒரே பொம்பளை ஒரே கையால தேய்ச்சிருந்தா அது ஒரு பக்கமாவே தேஞ்சிருக்கும். அம்மியை எடுத்துக்கிட்டா நடுவுல குழி, குழவிக்கு நடு இடுப்பு ஒடுங்கியிருக்கும். எவர்சில்வர் சொம்புல கட்டைவிரல் படுற எடம் மட்டும் மங்கலா இருக்கும். முறுக்கு அச்சோட கைப்பிடி ஒண்ணு மட்டும் வழவழன்னு இருக்கும். இந்த எடத்தைக் கண்டுபிடிச்சாச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, மீதியெல்லாம் அந்த எடத்தை எப்படி வெளிய எடுக்கிறதுங்கற டெக்னிக்தான்.

எந்தச் சாமானை எடுக்கிறது

வெலை ஜாஸ்தியானதை எடுக்காதீங்க. வெள்ளிச் சாமான் பெரும்பாலும் பெட்டிக்குள்ளயே இருந்திருக்கும், அதுல கை பட்ட அடையாளம் கம்மி. தினம் அடுப்படியில பொழங்குனது, வாசல்ல கெடந்தது, எல்லாரும் திட்டிக்கிட்டே உபயோகிச்சது, அதுலதான் ஞாபகம் இருக்கும். நம்ம சிங்கப்பூர்ல இதெல்லாம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளயே கட்டியிருக்கிற பாதுகாப்பு ரூம், அந்த பாம் ஷெல்டருக்குள்ளதான் இருக்கும், லக்கேஜுக்குப் பின்னாடி, நியூஸ்பேப்பர்ல சுத்தி. ஒரு ஞாயித்துக்கிழமை அதையெல்லாம் வெளிய எடுத்து ஹால்ல பாய் போட்டுப் பரப்பி வைங்க, வீட்டுப் பெரியவங்களைப் பக்கத்துல உக்கார வெச்சுருங்க, யாரு கை எதை மொதல்ல எடுக்குதுன்னு மட்டும் கவனிங்க. வாயால "இதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, தூக்கிப் போடு"ன்னு சொல்வாங்க, கை வேற ஒண்ணை எடுத்துத் தடவிக்கிட்டிருக்கும். அதை எடுத்துக்குங்க.

எதுவுமே மிச்சமில்லாத குடும்பமும் நம்ம கிட்ட நெறைய. கம்பம்னு சொல்ற பழைய கிராமத்து வீட்டுல இருந்து எச்டிபிங்கற அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு மாறும்போது அம்மி, ஆட்டுக்கல்லெல்லாம் கனமா இருக்குன்னு அங்கயே விட்டுட்டு வந்தவங்க எத்தனையோ பேரு, அப்புறம் மிச்சமிருந்த பித்தளையெல்லாம் பழைய சாமான் வாங்க வர்ற காராங் குனிக்காரர் கிட்ட எடைக்குப் போச்சு. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இருந்தவரைக்கும் அங்க போய்த் தேடலாம், அதையும் 2017 ஜூலையில மூடிட்டாங்க. உங்க கிட்ட சாமான் இல்லன்னா கடையில போய் அதே மாதிரி ஒண்ணு வாங்கி அதுதான் பாட்டியோடதுன்னு வெச்சு செய்யாதீங்க. இல்லாததை இல்லாததாவே செய்யறதுக்கும் வழி இருக்கு, கீழ சொல்றேன்.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். அண்ணன் தங்கச்சி சித்தப்பான்னு யாருக்கெல்லாம் அந்தச் சாமான்ல பாத்தியதை இருக்கோ அவங்க கிட்ட கேட்டுருங்க. சாமி ரூம்ல இருக்கிறதுன்னா கட்டாயம் கேக்கணும், சில வீட்டுல விளக்குல களிமண் படுறதையே ஒத்துக்க மாட்டாங்க, அந்த மாதிரி எடத்துல போட்டோவும் டிராயிங்கும் வெச்சு வேலை செய்யலாம், வற்புறுத்தாதீங்க.

கை வேலைக்கு முன்னாடி காது வேலை

போன்ல ரெக்கார்டர் ஆன் பண்ணிட்டு பேச விடுங்க. "இதைப் பத்தி சொல்லுங்க பாட்டி"ன்னு கேட்டா "என்னத்தைச் சொல்றது"ன்னுதான் வரும். செயலைக் கேளுங்க. இதை எந்தக் கையால புடிப்பீங்க, எங்க வெச்சிருந்தீங்க, யாரு தொட்டா உங்களுக்குக் கோவம் வரும், இது கீழ விழுந்தா என்ன சத்தம் வரும், இந்த நசுங்கல் எப்படி வந்துச்சு. நசுங்கலைப் பத்திக் கேட்டா கதை வந்தே தீரும். எங்க அப்பாயி கிட்ட ஒரு எவர்சில்வர் தூக்குவாளியோட மூடி ஏன் சரியா உக்கார மாட்டேங்குதுன்னு கேக்கப் போய், தாத்தா செம்பவாங்ல இருந்த பிரிட்டிஷ் நேவல் பேஸ்ல வேலை பார்த்தப்ப சைக்கிள்ல இருந்து விழுந்தது, பிரிட்டிஷ்காரங்க 1971ல கிளம்புனப்ப வேலை போயிடுமோன்னு வீட்டுல இருந்த பயம், அப்புறம் அந்த வருஷம் தீபாவளிக்கு யாருக்கும் துணி எடுக்காததுன்னு அவ்வளவும் வந்துச்சு.

இதுல எப்படிக் கேள்வி கேக்கிறதுன்னு பழகணும்னா தேசிய ஆவணக் காப்பகத்தோட வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளைக் கேட்டுப் பாருங்க, 1979ல ஆரம்பிச்ச பிரிவு அது, நெறைய பேட்டிகளை ஆன்லைன்லயே கேக்கலாம், தமிழ்ல பேசுனதும் இருக்கு. பேட்டி எடுக்கிறவங்க எங்க சும்மா இருக்காங்கன்னு கவனிங்க, அதுதான் கத்துக்க வேண்டியது.

பேசும்போதே கையை வீடியோ எடுத்துருங்க. முகம் வேண்டாம், கை மட்டும். சாமானைப் புடிக்கிற விதம், எந்த விரல் எங்க போகுது, அதைப் பல கோணத்துல போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டுக்குங்க. அதுக்கப்புறம் அளவு எடுங்க, உயரம், வாய், அடி, எடை. எடையையும் குறிச்சு வைங்க, பிளாஸ்டர்ல செஞ்சாலும் பேப்பர்ல செஞ்சாலும் அசலோட எடை எவ்வளவுன்னு தெரிஞ்சாதான் நம்ம சிற்பம் கனமா இருக்கணுமா லேசா இருக்கணுமான்னு முடிவு பண்ண முடியும்.

மொதல் பயிற்சி: பேர் வெட்டுன எடம்

கல்யாணச் சீர்ப் பாத்திரத்துல பேர் வெட்டியிருப்பாங்க இல்லையா, புள்ளி புள்ளியா, மாமா பேரு, தேதி, சில சமயம் ஊரு பேரோட. அதுல இருந்து ஆரம்பிக்கிறது நல்லது, செலவும் இல்ல. மெல்லிசான பேப்பரை அது மேல அசையாம புடிச்சு 2பி பென்சிலைப் படுக்க வெச்சுத் தேய்ங்க, எழுத்து வரும். அடுத்து அதே எடத்துல சமையல் அலுமினியம் ஃபாயிலை வெச்சு பஞ்சு சுத்துன குச்சியால மெதுவா அழுத்துங்க, இப்ப எழுத்து புடைப்பா வரும். இது ஒரு ஃபாயில் துண்டுதான், ஆனா தாத்தாவோட பேரு உங்க கையில எழும்பி நிக்கும்.

அதை உறுதியான அச்சா எடுக்க சிலிக்கான் புட்டி (putty, பெசையற மாவு மாதிரி இருக்கும்) வாங்கிக்குங்க, ரெண்டு டப்பாவுல வரும், சம அளவு எடுத்துப் பெசைஞ்சு எழுத்து மேல அழுத்தி வெச்சா கொஞ்ச நேரத்துல ரப்பர் மாதிரி இறுகிடும், பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் ஒண்ணும் ஆகாது. ரப்பர் கிளவுஸ் போட்டுக்கிட்டு பெசையாதீங்க, லேடெக்ஸ் பட்டாலும் கந்தகம் கலந்த மாடலிங் கிளே பட்டாலும் இந்த வகை சிலிக்கான் இறுகாம பிசுபிசுன்னே நின்னுரும், நைட்ரைல் கிளவுஸ் இல்லன்னா வெறுங்கை. அம்மி மாதிரி கல்லு மேல, மரத்து மேல நேரா வைக்காதீங்க, எண்ணெய்க் கறை மாதிரி எறங்கிடும், திரும்ப எடுக்கவே முடியாது. கந்தகம் இருக்கிற கிளேயை வெள்ளி மேல வெச்சாலும் கறுத்துடும், பாக்கெட்ல கந்தகம் இல்லன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. இந்தச் சாமானெல்லாம் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல இருக்கிற ஆர்ட் ஃபிரெண்ட் கடையிலயோ ஆன்லைன்லயோ கெடைக்கும், சிமெண்ட் மணல் கம்பியெல்லாம் புளோக்குக்குக் கீழ இருக்கிற ஹார்ட்வேர் கடையே போதும்.

குழியை மேடாக்குறது

எனக்கு இருக்கிறதுலயே புடிச்ச வேலை இதுதான். அம்மிக் குழியை எடுத்துக்குங்க. அது மேல கிளிங் ராப்பை சுருக்கம் இல்லாம விரிச்சு, ஈரக் களிமண்ணை ரெண்டு விரல் கனத்துக்குத் தட்டி, நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்திக்கிட்டே போங்க. கொஞ்ச நேரம் கழிச்சு பலகையை வெச்சுத் திருப்பி எடுத்தா, குழி இருந்த எடம் மேடா வந்திருக்கும். அரைச்சு அரைச்சுக் காணாமப் போன கல்லு எவ்வளவோ அவ்வளவு மண்ணு உங்க முன்னாடி நிக்குது. மூணு தலைமுறைக்கு மொளகாயும் மஞ்சளும் தேங்காயும் அரைச்ச உழைப்போட உருவம் அதுதான், அதுக்கு மேல நீங்க ஒரு கோடு கூட போட வேண்டியதில்ல.

உள் வெற்றிடத்தை உருவமா எடுக்கிற இந்த வழியில உலகத்துக்கே தெரிஞ்ச வேலை பண்ணவங்க பிரிட்டன் சிற்பி ரேச்சல் வைட்ரீட். 1990ல ஒரு பழைய வீட்டு ரூமோட உள்பக்கத்தை பிளாஸ்டர்ல எடுத்தாங்க, 1993ல கிழக்கு லண்டன்ல ஒரு முழு வீட்டோட உள்ளையே கான்கிரீட்ல வார்த்தாங்க, அடுத்த வருஷ ஆரம்பத்துலயே அதை இடிச்சுட்டாங்க. நமக்கு வீடு வேண்டாம், டிஃபன் கேரியரோட ஒரு அடுக்கு போதும். அப்பா மத்தியானம் சாப்பிட்ட சோத்தோட அளவு எவ்வளவுன்னு அதுல வந்துரும்.

ஆனா பாத்திரத்துக்குள்ள நேரா பிளாஸ்டரை ஊத்தவே கூடாது. பிளாஸ்டர் இறுகும்போது லேசா விரியும், உள்ள மாட்டிக்கிட்டா சுத்தியல எடுத்தாதான் வரும், அப்ப பாத்திரம் போச்சு. கேரியர் மாதிரி நேர் சுவர் இருக்கிறதுக்கு உள்பக்கம் கிளிங் ராப் போட்டு களிமண்ணை அமுக்கி எடுத்து, அந்தக் களிமண் வடிவத்துல இருந்து அச்சு எடுத்து, அதுல பிளாஸ்டர் ஊத்துங்க, சுத்து வழின்னாலும் சாமான் பத்திரமா இருக்கும். சொம்பு, குடம் மாதிரி கழுத்து ஒடுங்கி வயிறு பெருத்ததுக்கு உள்ள கெட்டியானது எதுவும் வெளிய வராது, அதுக்கு வெளிப்பக்கத்துல இருந்து ரெண்டு பாதியா அச்சு எடுக்கிறதுதான் வழி.

பிளாஸ்டர் கலக்குறதுக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு சுமார் 1.4 கிலோ பிளாஸ்டர். தண்ணியை மொதல்ல ஊத்திக்கிட்டு பிளாஸ்டரைத் தூவணும், பிளாஸ்டர் மேல தண்ணி ஊத்துனா கட்டி கட்டும். தூவி முடிச்சு ஒண்ணு ரெண்டு நிமிஷம் தொடாம ஊற விட்டுட்டு, அப்புறம் கையை அடியில விட்டு மெதுவா கலக்குங்க, மேல காத்து உள்ள போகாம. தோசை மாவு பதத்துக்கு வந்ததும் அச்சோட ஒரு மூலையில இருந்து மெல்லிசா ஊத்தி அதுவே பரவட்டும்னு விடுங்க, அச்சை லேசா தட்டுனா குமிழி மேல வந்துரும். நம்ம ஊரு ஈரத்துக்கு பிளாஸ்டர் பாக்கெட்டைத் திறந்து வெச்சா காத்துல இருக்கிற தண்ணியை இழுத்து வீணாப் போகும், அப்புறம் ஊத்துனா இறுகாது இல்ல பொலபொலன்னு உதிரும். டப்பாவுல இறுக்கி மூடி வைங்க, ரொம்பப் பழசை வாங்காதீங்க.

மிச்ச பிளாஸ்டரை சிங்க்ல ஊத்துனா குழாய்க்குள்ளயே கல்லாயிடும், அடுக்குமாடியில அது உங்க வீட்டோட நிக்காது, கீழ் வீட்டுக்காரங்களுக்கும் தலைவலி. பக்கெட்லயே இறுக விட்டு உடைச்சு பையில கட்டி குப்பையில போடுங்க, கை கழுவுற தண்ணியையும் ஒரு வாளியில பிடிச்சு அடியில தங்க விட்டு மேல் தண்ணியை மட்டும் ஊத்துங்க. உரசும்போது தூசி வரும், மாஸ்க் போட்டுக்கிட்டு ஈரம் பண்ணி உரசுங்க, ஜன்னல் ஓரமா உரசாதீங்க, கீழ் மாடியில மூங்கில் கழியில துணி காயும்.

பெரியவங்க கையை எடுக்கிறது

சாமானைப் புடிச்ச கையையே எடுக்கணும்னு தோணும், தோணணும். ஒண்ணை மட்டும் மனசுல ஆணி அடிச்ச மாதிரி வெச்சுக்குங்க, கையை பிளாஸ்டருக்குள்ள விடவே கூடாது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், மொத்தமா ஒரு வாளியில இருந்தா தோலையும் சதையையும் வேக வைக்கிற அளவுக்குச் சூடாகும். 2007ல இங்கிலாந்துல ஒரு பள்ளி மாணவி ஓவிய வகுப்புல பிளாஸ்டர் வாளிக்குள்ள கையை விட்டு, எடுக்க முடியாம மாட்டிக்கிட்டு பல விரல்களை இழந்தா. அதனால கைக்கு ஆல்ஜினேட் மட்டும்தான். கடல்பாசியில இருந்து எடுக்கிறது, பல் டாக்டர் வாயில அச்சு எடுக்கிறாங்களே அதே சாமான், சூடாகாது, இறுகுனாலும் ஜெல்லி மாதிரிதான் இருக்கும்.

கையில புண்ணு, மெல்லிசாகி கிழியிற தோல், சமீபத்துல ஊசி போட்ட எடம் இருந்தா வேண்டாம். மோதிரம் வளையல் கழட்ட முடியலன்னா அந்தக் கையை விட்டுட்டு அடுத்த கையை எடுங்க. நாற்காலியில வசதியா உக்கார வெச்சு, வாளியை ஸ்டூல் மேல ஏத்தி, தோளு தொங்காத உயரத்துல வைங்க. புடிக்கிற மாதிரி கையை ஒரு வாட்டி வெறும் வாளிக்குள்ள வெச்சு ஒத்திகை பாருங்க, விரல் அடியிலயும் பக்கத்துலயும் இடிக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணியில கலந்தா சீக்கிரம் இறுகும், கை நடுங்குறவங்களுக்கு அது நல்லது, ஆனா நீங்க வேகமா கலக்கணும், அதனால மொதல்ல உங்க கையை வெச்சு பழகிட்டு அப்புறம் பாட்டியைக் கூப்பிடுங்க. இறுகினதும் விரலை லேசா ஆட்டச் சொன்னா காத்து உள்ள போய் கை தானா வெளிய வரும்.

உடனே அன்னைக்கே பிளாஸ்டர் ஊத்திடணும், ஆல்ஜினேட் காய காய சுருங்கும், அடுத்த நாள் ஊத்துனா பாட்டி கை குழந்தை கை மாதிரி ஆயிடும். கொஞ்சமா ஊத்தி, விரல் நுனி எல்லாத்துலயும் போகுற மாதிரி வாளியை சாய்ச்சு சாய்ச்சு ஆட்டிட்டு, அப்புறம் நெறைங்க. ஒரு ராத்திரி விட்டுட்டு அடுத்த நாள் பிச்சு எடுங்க. ரேகை, நரம்பு, நகத்துல இருக்கிற கோடு வரைக்கும் வந்திருக்கும். ஒரு விரல் நுனி ஒடிஞ்சா பசை வெச்சு ஒட்டிக்கலாம், ஒட்டுன கோடு தெரிஞ்சா தெரியட்டும்.

பக்கவாதம் வந்தவங்க, படுக்கையில இருக்கிறவங்கன்னா வாளியெல்லாம் வேண்டாம். மெத்துன்னு ஒரு களிமண் உருண்டையை உள்ளங்கையில வெச்சு மெதுவா மூடச் சொல்லுங்க. திறந்தா கைக்குள்ள இருந்த எடம் முழுக்க அதுல இருக்கும். நான் எந்தக் கை அச்சை விடவும் இதைத்தான் பெருசா நெனைக்கிறேன்.

இல்லாத சாமானை செய்யறது

சாமானே இல்லாதவங்களுக்கு அளவும் துணியும்தான் துணை. சின்ன வயசுல அந்த அண்டா நம்ம கண்ணுக்கு எவ்வளவு பெருசா இருந்துச்சு. அஞ்சு வயசுல நீங்க சுமாரா 1.1 மீட்டர் உயரம் இருந்திருப்பீங்க, இப்ப 1.65 மீட்டர்னா ஒண்ணரை மடங்கு. அசல் அண்டாவை ஒண்ணரை மடங்கா செஞ்சா, அன்னைக்கு உங்க முன்னாடி நின்ன அதே அண்டா இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கும். உங்க வீட்டு அண்டாவோட நெஜ அளவு தெரியலன்னா அத்தைங்களை நிக்க வெச்சு "எது வரைக்கும் இருந்துச்சு, முட்டி வரைக்குமா இடுப்பு வரைக்குமா"ன்னு கேளுங்க, ஆளுக்கு ஒரு உயரம் காட்டுவாங்க, எல்லாத்தையும் குறிச்சுக்குங்க. சின்னதைப் பெருசாக்குனா என்ன ஆகும்னு நேர்ல பார்க்கணும்னா குமாரி நாகப்பன் செஞ்ச வேலைங்களைப் போய்ப் பாருங்க, ஆர்ச்சர்ட் ரோட்ல ஐயன் (ION) ஷாப்பிங் மால் முன்னாடி நிக்கிற வெண்கல ஜாதிக்காயும், தேசிய அரும்பொருளகத்துல இருக்கிற பெரிய மொளகாயும் அவங்க செஞ்சதுதான். அடுப்படி மசாலா டப்பாவுக்குள்ள இருந்தது ரோட்டுல ஆளை மிஞ்சி நிக்குது.

பெருசா செய்யறதுக்கு கோழிக்கூண்டு கம்பி வலையை வளைச்சு உருவம் கட்டி, மேல பேப்பர் கூழோ பேப்பர் பட்டையோ ஒட்டுறதுதான் லேசும் மலிவும். வீட்டுல பழைய தமிழ் முரசு இருந்தா அதையே கிழிச்சு ஒட்டுங்க, 1935ல இருந்து நம்ம வீடுங்களுக்கு வர்ற பேப்பர், மேல் அடுக்குல எழுத்து தெரியற மாதிரி விட்டா அழகா இருக்கும். மைதா பசை மட்டும் வேண்டாம், நம்ம ஊரு ஈரத்துக்கு பூஞ்சை புடிக்கும், கரப்பான் வரும், வெள்ளைப் பசைய தண்ணி கலந்து ஒட்டுங்க, ஒரு அடுக்கு நல்லா காஞ்சப்புறம்தான் அடுத்தது, ஃபேனை அது மேல திருப்பி விடுங்க. காத்தாடட்டும்னு காரிடார்ல வைக்காதீங்க, தீயணைப்பு விதிப்படி நடக்க 1.2 மீட்டர் வழி விடணும், அதோட மழைச்சாரல் வேற.

ட்ரங்க் பெட்டிக்கு துணிதான் சரின்னு எனக்குத் தோணும். ரஜுலா கப்பல்ல நாகப்பட்டினத்துல ஏறி வந்த குடும்பங்க வீட்டுல எல்லாம் அந்தத் தகரப் பெட்டி இருந்துச்சு, 1926ல கட்டுன கப்பல், எழுபதுகள் வரைக்கும் ஓடுச்சு, பெட்டிங்க துருப்புடிச்சுப் போயிடுச்சு. கொரியச் சிற்பி டோ ஹோ சுவ் தான் இருந்த வீடுங்களையே கண்ணாடி மாதிரித் துணியில தைச்சு நிக்க வெச்சவரு, கதவுப் பிடி, சுவிட்ச் வரைக்கும் தையல்லயே. அதே வழியில கம்பியில பெட்டியோட சட்டத்தைக் கட்டி, மெல்லிசான காட்டன் சேலைத் துணியை நாலு பக்கமும் இழுத்துத் தைச்சா வெளிச்சம் உள்ள போய் வெளிய வரும் ஒரு பெட்டி கெடைக்கும். பாட்டி கட்டுன சேலையில பசை தடவாதீங்க, திரும்ப எடுக்கவே முடியாது, ஓரத்துல மட்டும் நூலால கட்டுங்க, வேணும்னா நாளைக்குப் பிரிச்சு மடிச்சு வெச்சுக்கலாம்.

சுட்ட மண்ணும் வெண்கலமும்

களிமண்ணை சுடணும்னு நெனைச்சா ஜூரோங்ல தவ் குவாங்னு ஒரு மண்பாண்டக்கூடம் இருக்கு, 1940ல கட்டுன டிராகன் சூளை, அதாவது நீளமா சரிவா கட்டுன விறகுச் சூளை, அங்க நிக்குது, சிங்கப்பூர்ல மிச்சமிருக்கிற ரெண்டுல ஒண்ணு, மண்பாண்ட வகுப்பும் நடக்குது. சுடுற வேலைக்கு உருவம் உள்ள பொள்ளலா இருக்கணும், காத்து போக ஓட்டை வேணும், கனமான எடத்துல ஈரம் மாட்டிக்கிட்டா சூளைக்குள்ள வெடிச்சு பக்கத்துல இருக்கிறவங்க வேலையும் போயிடும். சுட்டா பத்துல ஒரு பங்கு கிட்ட சுருங்கும், அதை மொதல்லயே கணக்குப் பண்ணுங்க.

வெண்கலம் வேணும்னா இங்க செலவு அதிகம். ஊருக்குப் போற வழி இருந்தா கும்பகோணம் பக்கத்துல சுவாமிமலையில மெழுகு வார்ப்பு செய்யற ஸ்தபதிங்க இருக்காங்க, மெழுகுல உருவம், மேல காவிரி வண்டல் மண் பூச்சு, காய வெச்சு சூடு காட்டி மெழுகை உருக்கி வெளிய விட்டு அந்த எடத்துல உலோகம், அப்புறம் மண்ணை உடைச்சுருவாங்க. உங்க களிமண் உருண்டையில பதிஞ்ச கை அச்சை மெழுகுல எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டிப் பேசலாம்.

கலர் விஷயத்துல கையைக் கட்டுங்க. தங்க ஸ்ப்ரே அடிச்சா அம்பது வருஷத் தேய்மானமும் ஒரே நிமிஷத்துல மறைஞ்சுரும். பிளாஸ்டர் மேல தேத்தண்ணி ஊத்தி ஊறவிட்டா நல்ல பழுப்பு வரும், ஷூ பாலிஷை துணியில தொட்டுத் தேய்ச்சா குழியான எடத்துல தங்கி ரேகை தெளிவா தெரியும், விளக்குத் திரிப் புகையைக் காட்டிக் கரி படிய வைக்கலாம். மஞ்சத்தூள் அழகுதான், ஆனா வெளிச்சத்துல வெளுத்துடும், வெளுக்குறதும் வேலையில ஒரு பகுதின்னு நெனைச்சாதான் போடுங்க.

முடிச்ச வேலையை பாம் ஷெல்டருக்குள்ள வைக்காதீங்க, அங்க காத்தே இல்ல, பேப்பரும் துணியும் பூத்துப் போகும். ஹால்ல, சுவரோட ஒட்டாம, எல்லாரும் தொட முடியற உயரத்துல வைங்க. தொட விடுங்க, பிளாஸ்டர்ல அழுக்கு படியும், படியட்டும். அசல் சாமானும் ரெக்கார்டிங்கும் எங்க இருக்குன்னு அடியில பென்சில்ல எழுதிருங்க, சாமானை வெச்சிருந்தவங்க பேரு, ஊரு, நீங்க செஞ்ச வருஷம், எல்லாம் தமிழ்லயே. சிலிக்கான் அச்சை மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க. அதுல திரும்பத் திரும்ப வார்க்கலாம், அண்ணனுக்கு ஒண்ணு, மலேசியா ஜோகூர்ல இருக்கிற அத்தைக்கு ஒண்ணு. பவுடர் போட்டு, நசுங்காம, வெயில் படாத டிராயர்ல படுக்க வெச்சு, மேல எதையும் அடுக்காம வைங்க.